கமருன்னிசா டீச்சருக்காகக் கெட்டுப்போன மைக்

செய்தி வந்தபோது நான் ஒரு புளியமரத்தின் மேல் இருந்தேன். ஒரு காதுகுத்துக்காகக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். உயரத்தில் அந்த மரம் இமயமலைக்கு இரண்டு முழம்தான் கம்மி. நம்பாதவர்கள் அறுபத்து மூன்று வயதில் ஏறிப் பார்க்கலாம். அப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒருமுறை செருமியது. தொழுகை இல்லாத நேரத்தில் அது செருமினால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

முதலில் உருதுவில் சொன்னார்கள். என் உருது அரைகுறை. ஆனாலும் 'டீச்சர்' என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. பிறகு தமிழில் சொன்னார்கள். "உயர்நிலைப் பள்ளி டீச்சர் கமருன்னிசா பேகம் அவர்கள் மவுத் ஆகிவிட்டார்கள். ஜனாஸா இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கப்படும்."

அந்த ஒலிபெருக்கியைப் போன மாதம்தான் நான் பழுது பார்த்துக் கொடுத்தேன். அதற்கு முன்பு அதில் யார் பேசினாலும் தண்ணீர்த் தொட்டிக்குள் தவளை பேசுவது போல இருக்கும். அன்று ஒரு கரகரப்பு இல்லை. ஒவ்வொரு எழுத்தும் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி வந்தது. என் தொழிலில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அதுவாகத்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் அது கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழேயிருந்து காதுகுத்து வீட்டுக்காரர் கத்தினார். "இன்னா மாமா, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா? எறங்கு!"

"காலு வரல" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஊரில் என்னைப் பற்றிய அபிப்பிராயம் அப்படி.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் தாமோதரன். மைக் செட் வைத்திருக்கிறேன். ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு நான் மாமா. இந்த வட்டாரத்திலேயே படுமோசமான மைக் செட் யாருடையது என்று யாரைக் கேட்டாலும் என் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். அந்தப் புகழ் எனக்கு எப்படி வந்தது என்பதை இன்று சொல்லப்போகிறேன். சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தவர் கமருன்னிசா டீச்சர். அவர் இல்லாத இடத்தில் அவர் வாங்கிய வாக்கை மீறுகிறேன். அவர் இருந்தால் என்னை மேடையில் ஏற்றி வைத்துத் திட்டுவார். ஏறி நிற்கத் தயாராகத்தான் இருக்கிறேன்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆனால் அமீபா பாடத்தை விட ஆண்டு விழாவுக்காகத்தான் அவரை ஊருக்குத் தெரியும். பேச்சுப் போட்டி, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பக்கத்துப் பள்ளிகளோடு நடக்கும் கலைப் போட்டி எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பள்ளி மடலின் கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' எழுதியவர் அவர்தான். ஒல்லியான உடம்பு. மூக்குக் கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில் தற்கொலைக்குத் தயாராக நிற்கும். கணவர் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தார். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது.

இருபது வருடத்துக்கும் மேலே இருக்கும். டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்த முதல் ஆண்டு விழா. மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்தது. வேலூரிலிருந்து வரும் ஆசிரியர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். சிறப்பு விருந்தினர் மாலையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாற்காலிகளை மடித்தாகிவிட்டது. நான் ஒயரைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெண் வேகவேகமாக மைதானத்துக்குள் வந்தார். ஷூ கம்பெனியிலிருந்து வருகிறார் என்று விரலைப் பார்த்தாலே தெரிந்தது. பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. கையில் சாப்பாட்டுப் பை.

"முடிஞ்சிடுச்சாண்ணா?" என்று என்னைக் கேட்டார்.

"எப்பவோ முடிஞ்சிது. சேரே மடிச்சாச்சு, பாக்கலியா?"

நான் சொல்லி வாய் மூடவில்லை. முகமெல்லாம் ரோஸ் பவுடரோடு ஒரு சிறுமி எங்கிருந்தோ ஓடி வந்தாள். "அம்மா, நான் மொத வரிசைல நின்னேம்மா. ரெண்டாவது இல்ல. மொத வரிசை." அந்த அம்மா தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்? ஆறு மணிக்கு முன்னால் கம்பெனி பஸ் கிளம்பாது. ஊர் முனைக்கு வர ஆறே கால், ஆறரை ஆகிவிடும். ஊரில் பாதித் தாய்மார்கள் அந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் என்னிடம் வந்தார். "சார், அந்தப் பாட்ட இன்னொரு வாட்டி போடுங்களேன். அஞ்சு நிமிஷம்."

"ஒயர் சுத்திட்டேன் டீச்சர். பேரணாம்பட்டுல ஒரு கல்யாணம். லேட்டாகுது."

டீச்சர் என்னை வற்புறுத்தவில்லை. அந்தச் சிறுமியை மைதானத்தின் நடுவில் நிறுத்திவிட்டு அவரே பாடத் தொடங்கினார். டீச்சருக்குப் பாட வராது. அவர் குரல் உயர்ந்தால் தோல் ஷாப்பில் ஊறப்போட்ட தோல்கள் எல்லாம் மறுபடி ஆடாகி எழுந்து ஓடிவிடும். ஆனால் அந்தக் குழந்தை அந்தப் பாட்டுக்கு முழுதாக ஆடினாள். ஒரு அடி தப்பவில்லை. மடித்த நாற்காலிகளுக்கு முன்னால், மேடை இல்லாமல், விளக்கு இல்லாமல். அந்த அம்மா சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். ஆட்டம் முடிந்ததும் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார். அவ்வளவு பெரிய மைதானத்தில் இரண்டே கைகளின் சத்தம். நான் தட்டவில்லை. என் கையில் ஒயர் இருந்தது.

உண்மையில் அன்று எனக்குப் பேரணாம்பட்டில் கல்யாணம் எதுவும் இல்லை. சோம்பல்தான்.

மறுநாள் காலையில் டீச்சர் என் கடைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நேத்து கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்றார்.

"ஜோரா நடந்துச்சு டீச்சர்."

"பொண்ணு பேரு இன்னா?"

அவ்வளவுதான். உலகத்தில் எத்தனையோ பெண் பெயர்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்த நேரத்தில் ஒன்றுகூட என் வாய்க்கு வரவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தாமு பாய். ஊரில் உள்ள பாய்மார்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடமே அவர் அப்போதைய தலைமையாசிரியரிடம் கேட்டார். ஆண்டு விழாவை ஆறே முக்காலுக்கு வைத்தால் அம்மாக்களும் பார்ப்பார்களே என்று. நான் பள்ளி பெல்லுக்கு ஒயர் இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். தலைமையாசிரியர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "யம்மா, ஆறே முக்காலுக்கு எந்த சீஃப் கெஸ்ட் வருவாரு? பொம்பளப் புள்ளைங்க இருட்டுல எப்படிப் போவும்? வேலூர் பஸ்ஸு நமக்காக நிக்குமா? வர்ற பேரண்ட்ஸ் வரட்டும். விடு."

மூன்று கேள்வி. டீச்சர் வகுப்புக்குத் திரும்பிப் போனார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு கடைக்கு வந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தாமு பாய், உங்க செட்டு எப்பவாச்சும் ரிப்பேர் ஆவுமா?"

எனக்கு ரோஷம் பொங்கிவிட்டது. "என் செட்டா? பாலாத்துல வெள்ளம் வந்து ஊரே மெதந்தாலும் என் செட்டு பாடிக்கினே மெதக்கும் டீச்சர்!"

"அய்யோ, பேஜாராச்சே" என்றார். "ரிப்பேர் ஆனா நல்லா இருக்கும்னு பாத்தேன். ஒரு முக்கா மணி நேரம் போதும்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது இத்தனை வயது வரைக்கும் எனக்கு யாரும் இவ்வளவு கௌரவமான வேலை கொடுத்ததில்லை என்று தோன்றியது. எப்படித் தெரியுமா திட்டம்? நிகழ்ச்சி நிரலில் பேச்செல்லாம் முதலில். பரிசெல்லாம் அடுத்து. ஆட்டமும் பாட்டும் நாடகமும் கடைசியில். பேச்சும் பரிசும் முடிந்தும் கம்பெனி பஸ் வராவிட்டால் டீச்சர் மைக்கில் 'அடுத்ததாக' என்பார். இரண்டு முறை 'அடுத்ததாக' என்றால் நான் செட்டை அணைத்துவிட வேண்டும். பிறகு ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வியர்வை வழிய, இருதய ஆபரேஷன் செய்கிறவன் போல இருக்க வேண்டும். பஸ் வந்து தாய்மார்கள் வாசலில் தெரிந்ததும் டீச்சர் மேடையிலிருந்து என்னைத் திட்டுவார். திட்டினால் செட்டைப் போடலாம்.

நடந்தது. டீச்சர் மேடை ஓரத்துக்கு வந்து, ஊரே கேட்கும்படி, "இன்னாய்யா மைக் செட்டு வெச்சிருக்க நீ? வெக்கமா இல்ல?" என்றார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினேன். பாட்டு கிளம்பியது. சாப்பாட்டுப் பைகளோடு நாற்பது ஐம்பது பெண்கள் உள்ளே வந்து, உட்கார இடம் தேடாமல், நின்றபடியே பார்த்தார்கள். பிள்ளைகள் ஆடும்போது கீழே பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்களே, அதை விவரிக்க எனக்குத் தமிழும் போதாது, அரைகுறை உருதுவும் போதாது. சிறப்பு விருந்தினர் அதற்கு முன்பே கோபித்துக்கொண்டு போய்விட்டிருந்தார். அவர் நாற்காலியில் ஒரு பாட்டியம்மாள் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்.

அதன் பிறகு வருடா வருடம் என் செட் கெட்டது. ஒரு வருடம் ஃபியூஸ் போனது. ஒரு வருடம் அணில் ஒயரைக் கடித்தது. அந்த அணிலை நான் பல வருடம் பயன்படுத்தினேன். பள்ளி மைதானத்தில் ஒரு அணில்கூடக் கிடையாது, யாரும் கேட்கவில்லை. என் பெயர் ராணிப்பேட்டை வரை கெட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் என் கடையைத் தாண்டும்போது வேகமாக நடப்பார்கள். "மாமா செட்டா? வாணாம்பா, பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆகாது" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். வீட்டில் என் சம்சாரம் கேட்டாள், "ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்ற ஆளு, ஸ்கூல்ல மட்டும் எப்படியா தோத்துப் போற?" அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது நினைத்தால் அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு வருடம் சிறப்பு விருந்தினராக வந்தவர் ஒரு ஷூ கம்பெனியின் மேலாளர். நல்ல மனிதர், சிரித்த முகம். அவர் பேசி முடித்தார், பரிசும் கொடுத்து முடித்தார். டீச்சர் இரண்டு முறை 'அடுத்ததாக' சொன்னார். நான் பெட்டிக்குள் தலையை விட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னா டீச்சர், இன்னும் எதுக்கு வெயிட்டிங்?" என்றார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உங்க பஸ்ஸுக்குத்தான் சார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார். டீச்சரும் கூடச் சிரித்தார். நான் பெட்டிக்குள்ளிருந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்த பிறகு, மேடைப் படியில் உட்கார்ந்து, "உண்மையச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க தாமு பாய். பொய்யச் சொன்னாதான் விழாவே நடக்குது" என்றார். நான் ஏதோ ஜோக் சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

இன்னொரு வருடத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆகிவிடுவேன். அந்த வருடம் நான் செட்டை அணைத்த கொஞ்ச நேரத்திலேயே பஸ் வந்துவிட்டது. டீச்சர் என்னைத் திட்டினார். நான் ஸ்விட்சைத் தட்டினேன். செட் வரவில்லை. மறுபடி தட்டினேன். வரவில்லை. டீச்சர் இன்னும் சத்தமாகத் திட்டினார். நான் கையை விரித்தேன். அவர் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "போதும் பாய். எல்லாரும் வந்துட்டாங்க. ஆக்டிங் ஜாஸ்தியாகுது."

"ஆக்டிங் இல்ல டீச்சர். நெஜமாவே போய்டுச்சு."

"எங்கிட்டயேவா?"

"முருகன் சத்தியமா! உங்க அல்லா சத்தியமா!"

டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாயில் கையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அத்தனை வருடம் பொய்யாகக் கெட்ட செட்டு நிஜமாகவே கெட்டுவிட்டது, நம்பத்தான் யாரும் இல்லை. மேடைக்குப் போய் வெறும் குரலில், "அம்மாங்க எல்லாம் கொஞ்சம் பேசாம இருங்க, புள்ளைங்க பாடப் போவுது" என்றார். பேசாமல் இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஐஸ் வண்டிக்காரர்கூட மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். ஆறாம் வகுப்புக் குழந்தைகளின் குரல் அந்த மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. பெருமையோடு சொல்கிறேன், என் செட் அவ்வளவு தெளிவாக ஒருநாளும் பாடியதில்லை.

கொரோனா வருடத்தில் விழா இல்லை. விழா நடந்திருக்க வேண்டிய நாளில் நான் கடையில் செட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாக ஆறரைக்கு டீச்சர் போன் செய்தார். "இன்னாய்யா மைக் செட்டு வெச்சிருக்க நீ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த வருடம் முழுக்க யாராவது என்னைத் தேடிச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

போன மாதக் கடைசியில் டீச்சர் கடைக்கு வந்தார். படி ஏறும்போது மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இந்த மடலுக்காக எழுதிய நிகழ்ச்சிப் பட்டியல் கையில் இருந்தது. பேச்சுப் போட்டி, கண்காட்சி, பக்கத்துப் பள்ளிகளோடு கோகோ, எல்லாவற்றுக்கும் எதிரே நேரம் போட்டிருந்தார். ஆண்டு விழாவுக்கு எதிரே மட்டும் நேரம் போடவில்லை.

"இன்னா டீச்சர், நேரத்த உட்டுட்டீங்க?"

"இந்த வாட்டி ஹெச்.எம். மேடத்துகிட்ட நேராவே கேக்கப் போறேன் தாமு பாய். ரிடையர் ஆவப் போறவள இன்னா பண்ணிடுவாங்க? ஒரு வருஷமாவது உங்க செட்டு ஒழுங்கா பாடட்டும். பாவம் நீங்க."

"நான் ஒண்ணும் பாவமில்ல. எனக்குத் திட்டு வாங்கறது பழகிப் போச்சு."

"எனக்கும் திட்டறது பழகிப் போச்சு" என்றார். "அதுதான் பிரச்சினையே."

அவர் கேட்கவில்லை. கேட்பதற்குள் போய்விட்டார். மாரடைப்பு. காலையில் பள்ளிக்குக் கிளம்பி, செருப்பை மாட்டும்போது.

அன்று சாயங்காலம் ஜனாஸா கிளம்பியது. ஊரே வந்திருந்தது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், தோல் ஷாப் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டீச்சரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் அன்னிய ஆண்கள் பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் கடைசியாகப் பார்த்த முகம் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்த முகம். அதையே வைத்துக்கொள்கிறேன். பள்ளிவாசலில் தொழுகை நடக்கும்போது வெளியே செருப்புகளின் பக்கத்தில் நின்றேன். பிறகு டீச்சரைச் சுமந்துபோன சந்தூக்குப் பெட்டிக்குப் பின்னால் கபர்ஸ்தான் வரை நடந்தேன். டீச்சரின் தம்பி என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் போடுங்கண்ணே" என்றார். மூன்று பிடி மண் போட்டேன். அவ்வளவு கூட்டத்தில் இந்தக் கையும் டீச்சரும் கூட்டாளிகள் என்று ஒருவருக்கும் தெரியாது. துக்கத்தைக்கூட ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அழலாம் என்று வந்தேன். வீட்டில் கேட்க ஆளில்லாதபோது அழுகையும் வர மாட்டேன் என்றது.

மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனேன். இப்போதைய தலைமையாசிரியை வேலூர்க்காரர். வந்து மூன்று வருடம் ஆகிறது. கண்டிப்பானவர் என்று பெயர். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தர்மசங்கடம்.

"வாங்கண்ணே. நானே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். ஆண்டு விழாவுக்கு இந்த வாட்டி வேற செட்டு சொல்லிட்டோம். தப்பா நெனைக்காதீங்க. போன வருஷம் முக்கால் மணி நேரம் ரிப்பேர். சீஃப் கெஸ்ட் எங்கிட்டக் கோச்சிக்கிட்டுப் போய்ட்டாரு."

"விழா எத்தனை மணிக்கு மேடம்?"

"நாலுக்கு. அஞ்சரைக்கு முடிச்சிடணும்."

புது செட். நாலு மணி. கெடாத மைக். அடுத்ததாக என்று இரண்டு முறை சொல்ல ஆளில்லை. ஊர் முனையில் பஸ் வந்து நிற்கும்போது மைதானத்தில் நாற்காலியை மடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. வாக்காவது மண்ணாவது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஃபியூஸ், அணில், திட்டு, பஸ், எல்லாம். இருபது வருட வேஷத்தை இருபது நிமிடத்தில் கலைத்தேன். தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "டீச்சர் இத ஏண்ணே எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டாங்க மேடம். அந்தக் காலத்துல இருந்த ஹெட்மாஸ்டர் ஆகாதுன்னுட்டாரு."

"சரி. எங்கிட்ட ஏன் கேக்கல?"

நண்பர்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருமுறை முடியாது என்று ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு, அவர் போய், அடுத்தவர் போய், மூன்றாமவரும் வந்த பிறகும், யாரையும் கேட்காமலேயே நாங்கள் இரண்டு பேரும் வருடா வருடம் செட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். அவ்வளவு கெட்டிக்காரர்கள் நாங்கள். கேட்டிருந்தால் டீச்சர் மூன்று ஆண்டு விழாவாவது நிம்மதியாக, யாரையும் திட்டாமல், தாய்மார்களோடு உட்கார்ந்து பார்த்திருப்பார். ஒருவேளை கேட்காமல் இருந்ததில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்ததோ என்னவோ. வருடத்தில் ஒருநாள் எனக்குக் கூட்டாளி இருந்தார். அதை இழக்க எனக்கு அவசரமில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

தலைமையாசிரியை பழைய கேள்விகளையே கேட்டார். "பொண்ணுங்க இருட்டுல எப்படிப் போவாங்க?"

"அம்மாங்களோட மேடம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டரைக்கு வேலூர் பஸ் இருக்குல்ல?"

"இருக்குது. உக்கார எடம் கெடைக்காது. நின்னுக்கினுதான் போவணும்."

"நின்னுக்கிட்டுப் போறேன்" என்றார். சிறப்பு விருந்தினர் பெயர் எழுதியிருந்த இடத்தைக் கோடு போட்டு அடித்தார். "தாய்மாருங்கதான் இந்த வாட்டி சீஃப் கெஸ்ட். டீச்சர் எழுதற பக்கம் காலியா இருக்கு. நீங்க எங்கிட்டச் சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. ஆனா செட்டு மட்டும் வேற ஆளுக்கு வார்த்தை குடுத்துட்டோம்ணே. அத மாத்த முடியாது."

அதனால்தான் இந்தப் பக்கத்தில் நான் இருக்கிறேன். டீச்சரின் பட்டியலை அப்படியே கீழே கொடுத்திருக்கிறார்கள். அவர் விட்டுப்போன ஓர் இடத்தை மட்டும் நிரப்பியிருக்கிறார்கள். ஆண்டு விழா, வருகிற சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால். தாய்மார்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மைதானத்துக்கு வரலாம். பையோடு வரலாம், கையில் பசையோடு வரலாம். முன்வரிசை உங்களுக்கு. நானும் வருகிறேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒயர் இல்லாமல், ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல், வெறும் கையோடு ஒரு நாற்காலியில் உட்காரப் போகிறேன். கை தட்டுவது எப்படி என்று இனிமேல்தான் பழக வேண்டும்.

டீச்சர், நிம்மதியாக இருங்கள். புது செட் நல்ல செட். கெடாது. பிள்ளைகள் ஆடும்போது அம்மாக்கள் எதிரில் இருப்பார்கள். விழா ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது. தாமதப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை, தாமதப்படுத்தச் சொல்ல ஆளும் இல்லை. ஆறே முக்கால் அடித்ததும் யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள்.

தாமு பாய்